பைப் இடிக்கும் வீடு

கிளிநொச்சிப் பக்கத்தில் நான் மாதம் ஒருமுறை போய்வரும் வீடு ஒன்று. குடும்பத்தை நடத்துபவர் ஓர் அக்கா. 2009 இல் கணவரை இழந்தவர். வலது தோளில் ஷெல் துண்டு இன்னும் இருப்பதால் உடுப்புப் பிழிய அவருக்குக் கை ஏலாது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி காசு அனுப்பி வோஷிங் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அடுத்தமுறை நான் போனபோது மெஷினைச் சாக்கால் மூடிவிட்டு அக்கா கிணற்றடியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, பழுதாப் போச்சோ?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. தண்ணி நிக்கேக்கை சுவர் அதிர 'டம்' எண்டு ஒரு சத்தம். அம்மா எழும்பி வெளியில ஓடுறா."

தாயாரை உளவளத்துணைக்கு அனுப்பலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சமூகவியல் படித்தவளுக்குப் பைப்பைப் பார்க்கவா தோன்றும்? ஆனாலும் மெஷினை ஒருக்கால் ஓடவிடச் சொன்னேன். சத்தம் வந்தபோது நானும் துள்ளி எழும்பினேன். அம்மாவின் பயத்துக்குப் பின்னால் பழைய காரணங்கள் உண்டு. ஆனால் அந்தச் சத்தம் உண்மையான சத்தம். அதை நிறுத்தாமல் அவரை மட்டும் ஆறுதல்படுத்துவது நியாயமில்லை.

பைப் வேலை தெரிந்த ஓர் ஐயாவிடம் கேட்டு அறிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் குழாயைக் கையால் மெல்லப் பூட்டுகிறோம். மெஷினுக்குள் இருக்கும் வால்வு மின்சாரத்தால் இயங்குவது. கண் இமைக்குமுன் மூடிவிடும். வரிசையில் ஓடிவரும் சனத்தில் முன்னுக்கு வருபவர் சட்டென நின்றால் பின்னுக்கு வருபவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதுவதில்லையா? பைப்பில் தண்ணீரும் அப்படித்தான் மோதுகிறது.

இந்த மோதல் சின்னதல்ல. 20 அடி உயரத்தில் தாங்கி இருந்தால், சும்மா நிற்கும் தண்ணீரின் அழுத்தம் 6 மீற்றர் உயரத்துக்குரியது. செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீர் திடீரென மறிபட்டால், பிவிசி பைப்பில் ஒரு கணம் அதற்கு மேலாக ஏறத்தாழ 40 மீற்றர் உயரத்துக்குரிய அழுத்தம் ஏறும். இரும்புப் பைப்பில் 100 மீற்றருக்கும் மேல். மொஸ்கோ நகரத்துத் தண்ணீர்க் குழாய்களை ஆராய்ந்து இந்தக் கணக்கை 1898 இல் வெளியிட்டவர் ஜூக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர். ஆகவே சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்தாலும் நாளடைவில் பொருத்துகள் ஒழுகத் தொடங்கலாம்.

அக்கா வீட்டில் பைப் சுவரோடு இறுகப் பிடிக்கப்படவில்லை. 12 அடி நீளத்துக்கு இரண்டே கிளிப். அதில் ஒன்று கழன்று தொங்கியது. முதலில் மெஷினுக்குப் போகும் குழாயை அரைவாசி பூட்டிப் பார்த்தோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. நோய் அதுதான் என்று தெரிந்தது. (நெடுகப் பூட்டிவிட்டால் மெஷின் தண்ணீர் போதாது என்று நின்றுவிடும். கவனம்.) பிறகு இரண்டு அடிக்கு ஒரு கிளிப் அடித்தோம். சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு. சுவரில் துளை போட்டது அக்காவின் மகள், பத்தாம் வகுப்பு. "ஆம்பிளை ஆளைத் தேடிக் கூப்பிட்டு, பிறகு ஊர்க்கதையும் கேக்கோணுமே" என்றார் அக்கா. அந்தக் கதை எங்களில் பலருக்குத் தெரியும்.

மிச்சச் சத்தத்துக்கு ஐயா சொன்ன வழி: மெஷின் குழாய்க்குக் கிட்ட ஒரு 'ரீ' பொருத்தி, அதில் ஒன்றரை அடிப் பைப்பை நிமிர்த்தி நிறுத்தி, மேல் வாயை மூடியால் அடைப்பது. உள்ளே அகப்படும் காற்று மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும். பசை பூசுமுன் தாங்கி வால்வைப் பூட்டிப் பைப்பை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். ஒட்டியவுடன் தண்ணீர் விடக்கூடாது. பசை நன்றாகக் காயட்டும்.

தண்ணீர் நிற்கும்போது அல்லாமல், வரும்போது கீச்சென்று சத்தம் கேட்டால் அது வேறு. மெஷினின் பின்பக்கம் குழாய் பூட்டும் இடத்தில் சின்ன வலை இருக்கும். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பும் மண்ணும் அதை அடைத்திருக்கும். கழற்றி வினாகிரியில் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரி.

போன மாதம் போனேன். மெஷின் ஓடியது. அம்மா தாழ்வாரத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தண்ணீர் நிற்கும் நேரம் மட்டும் ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார்.

நிமிர்த்திய பைப்பில் உள்ள காற்று நாளாகத் தண்ணீரில் கரைந்து போகும். சில மாதத்துக்கு ஒருமுறை தாங்கி வால்வைப் பூட்டி, குழாய்களைத் திறந்து, பைப்பை வெறுமையாக்கி மறுபடி விடுங்கள். அக்கா அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.