ரசிகரின் பற்றும் நிறுவனத்தின் கணக்கும்

தென்கொரியப் பாப் இசையின் ரசிகர்களைப் பித்துப் பிடித்த இளைஞர் கூட்டம் என்று ஒதுக்குவோர் அதன் வரலாற்றை அறியாதவர்கள். 1995-இல் சோ தைஜி குழுவின் பாடலொன்றின் வரிகளை மாற்றுமாறு தணிக்கைக் குழு வற்புறுத்த, பாடகர்கள் வரிகளை முற்றாக நீக்கி வெறும் இசையாகவே அதை வெளியிட்டபோது கொதித்தெழுந்த ரசிகர்களின் எதிர்ப்பு, பிற கலைஞர்கள் முன்பே தொடுத்திருந்த போராட்டத்துக்கு வலுச்சேர்த்து, இசைத்தொகுப்புகளை வெளியீட்டுக்கு முன்பே தணிக்கை செய்யும் முறை 1996-இல் ஒழிய வழிவகுத்தது. நிகழ்ச்சி அரங்குக்கு மலர்வளையத்துடன் அரிசி மூட்டைகளையும் அனுப்பி, அவ்வரிசியை வறியோருக்குச் சேர்ப்பிக்கும் ‘அரிசி வளையம்’ என்னும் வழக்கமும், 2020-இல் பிடிஎஸ் குழு அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் அளித்ததை அறிந்து ஏறக்குறைய ஒரே நாளில் ரசிகர்களும் அதே தொகையைத் திரட்டியதும் அம்மரபின் தொடர்ச்சியே.

இத்தகைய பற்றை நிறுவனங்கள் காசாக்கும் விதம் வருந்தத்தக்கது. குழுவில் எவருடைய படம் என்று வெளியே தெரியாதவாறு இசைவட்டின் உறைக்குள் வைக்கப்படும் ‘போட்டோகார்டு’ என்னும் உள்ளங்கையளவு அட்டை, விரும்பிய முகம் கிடைக்கும்வரை ஒரே வட்டைத் திரும்பத் திரும்ப வாங்கச் செய்கிறது. கலைஞரை நேரில் கண்டு கையொப்பம் பெறுவதற்கான குலுக்கலிலும் கூடுதலாக வாங்குவோருக்கே வாய்ப்பு மிகுதி என்பதால், பெட்டி பெட்டியாக வாங்கி, அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டுகளைக் கைவிடும் நிலை உருவாகியுள்ளது. 2021-இல் தோன்றிய ‘கேபாப் ஃபார் பிளானட்’ என்னும் ரசிகர் அமைப்பு, இவ்வாறு தேங்கிய வட்டுகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, அவற்றை விற்ற நிறுவனங்களிடமே திருப்பி அனுப்பியது.