நீந்தத் தெரிந்த உம்மா



பாடசாலை விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் எழும் முதற் பேச்சு, "இந்த முறை எங்கே போவது?" என்பதுதான். ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள். கடைசியில் ஏதாவதொரு குளக்கரையிலோ ஆற்றங்கரையிலோ போய்த்தான் வேன் நிற்கும். பாய் விரியும், புரியாணிச் சட்டி இறங்கும். ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்வார்கள். பெண்பிள்ளைகள் முழங்கால் நனைய நின்று பார்ப்பார்கள். நாமோ சஹன் வைப்பதிலும் கைக்குழந்தைக்கு ஊட்டுவதிலும் இருப்போம்.

வத்தளைப் பக்கம் இருப்பவர்கள் தண்ணீரைத் தேடித் தூரம் போகத் தேவையில்லை. ஒரு பக்கம் களனி கங்கை, இன்னொரு பக்கம் கடல். நடுவே, 1802க்கும் 1804க்கும் இடையில் ஆங்கிலேயர் வெட்டிய ஹெமில்டன் கால்வாய். அதன் வழியே வடக்கே போனால் முத்துராஜவெல சதுப்பு நிலமும் நீர்கொழும்புக் களப்பும் வரும். அங்கே படகுச் சவாரி போகாத குடும்பம் நம்மில் குறைவு. கொக்கும் மீன்கொத்தியும் கபரகொய்யாவும் காட்டிக் கொண்டே படகுக்காரர் அழைத்துப் போவார். முதலையும் அங்கே உண்டு. இப்போது களப்பிலும் பொல்கொட ஏரியிலும் கயாக் என்னும் ஒடுங்கிய தோணிகள் வாடகைக்குக் கிடைப்பதால், நம் பிள்ளைகள் துடுப்புப் போடவும் ஆசைப்படுகிறார்கள்.

அல்லாஹ் தந்த அழகைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படகில் ஏறும் எத்தனை உம்மாமாருக்கு நீந்தத் தெரியும்?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வடமத்திய மாகாணத்தில் ஒரு குளத்துக்குப் போயிருந்தோம். படகில் ஒரு சுற்றுச் சுற்றியபின் படகுக்காரர் எங்களை ஒரு கரையில் இறக்கிவிட்டார். பிள்ளைகள் தண்ணீரில் விளையாட, நான் கரையில் தேங்காய்ப்பூச் சம்பலைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தேன். என் ராத்தாவின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பத்தடி தூரத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி நின்றாள். சத்தமில்லை. கையை ஆட்டவுமில்லை. "பாருங்கள், எவ்வளவு நன்றாக மிதக்கிறாள்" என்று நான் சொன்னேன்.

அவள் மிதக்கவில்லை, மூழ்கிக்கொண்டிருந்தாள்.

சற்றுத் தள்ளி உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண்மணிதான் அதைக் கண்டார். நெஞ்சுக்கு மேல் கட்டிய குளிப்புச் சீலையோடு நாலு எட்டில் நீந்திப்போய், பிள்ளையின் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இருமினாள், அழுதாள், பிழைத்தாள். அந்தப் பெண்மணி எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், நீந்தத் தெரிந்த பெண் ஒருத்தியும் இல்லையா?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மூழ்குபவர் கத்துவார், கையைத் தூக்கி ஆட்டுவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே காற்றில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும், கீழே போகும். கைகள் இரு பக்கமும் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். கண் ஒன்றையும் பாராது. இந்த நிலை பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சின்னப் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம். தண்ணீரில் விளையாடும் பிள்ளை திடீரென்று அமைதியானால் அதுதான் நாம் எழுந்து ஓடவேண்டிய நேரம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை. நம் நாட்டிலும் 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை மறக்க முடியுமா? பாலம் கட்டி முடியாததால் மிதவைப் படகில் களப்பைக் கடந்தவர்கள் கவிழ்ந்தார்கள். காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் ஜனாஸாவாக வீடு வந்தார்கள். அவர்கள் உல்லாசப் பயணம் போனவர்கள்கூட அல்லர். தண்ணீர் சூழ்ந்த நாட்டில் நீச்சல் பணக்காரப் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மூழ்கி மௌத்தாகிறவர் ஷஹீதின் கூலி பெறுவார் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அது கவனக்குறைவுக்கு அனுமதிச் சீட்டல்ல. நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அல்குர்ஆன் (2:195) தடுக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். வீணான விளையாட்டுகளிலிருந்து விலக்களிக்கப்பட்டவற்றில் நீச்சல் கற்பதும் ஒன்று என்ற அறிவிப்பை இமாம் நஸாஈ (ரஹ்) பதிந்திருக்கிறார்கள். இவற்றில் எங்காவது "ஆண்பிள்ளைக்கு மட்டும்" என்று இருக்கிறதா?

"அதெல்லாம் சரி, ஆண்கள் பார்க்கும் இடத்தில் குமர்ப்பிள்ளையை எப்படி இறக்குவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹயாவை விட்டுவிட்டு நீந்தச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஹயாவுக்குப் பாதுகாப்பான வழியைத் தேடாமல், ஹயாவையே காரணம் காட்டிப் பெண்பிள்ளையைத் தண்ணீர் தெரியாதவளாக வளர்ப்பது நியாயமா?

வழி தேடிய சகோதரிகள் இருக்கிறார்கள். லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெடா ஸனெட்டி என்ற பெண், 2004இல் தலை முதல் கால் வரை மூடும் நீச்சலுடையைத் தைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுதான் புர்கினி. அந்த உடையை அணிந்தே 2007இல் சிட்னியில் மெக்கா லாலா என்ற முஸ்லிம் யுவதி கடற்கரை உயிர்காப்பாளராகத் தேறினார். நம்மைப் போலவே கடல் சூழ்ந்த முஸ்லிம் பூமியான ஸன்ஸிபாரில், கரையிலேயே வாழ்ந்தும் நீந்தத் தெரியாதிருந்த பெண்பிள்ளைகளுக்கு நுங்வி கிராமத்தில் முழுநீள உடையோடு நீச்சல் பழக்கியிருக்கிறார்கள்.

நமக்குமே இது புதிதல்ல. கம்பளை, மாவனல்லைப் பக்கத்து மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கங்கையில் பெண்களுக்கென்று ஒதுங்கிய துறையில் சிறுவயதில் குளித்த கதையைச் சொல்வார்கள். குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, கங்கை நம்மை விட்டுத் தூரமானது. பயம் மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் எவ்வளவு கற்றால் போதும்? ஏரிகள் நிறைந்த கனடாவில், காட்டுக்குள் நாட்கணக்கில் தோணியில் சுற்றி, ஏரிகளில் நீந்துவது சாதாரண விடுமுறை. அங்குள்ள உயிர்காப்புச் சங்கம் ஒரு பிள்ளை உயிர்பிழைக்க மூன்றே மூன்று கேட்கிறது: ஆழமான நீரில் விழுந்து மேலே வருதல், ஒரு நிமிடம் இருந்த இடத்திலேயே மிதந்து நிற்றல், 50 மீற்றர் நீந்துதல். போட்டிக்கான வேகம் தேவையில்லை. ஒழுங்காகப் பழகினால் பிள்ளையும் கற்கலாம், உம்மாவும் கற்கலாம். பத்து உம்மாமார் சேர்ந்து, பெண் பயிற்சியாளர் ஒருவரோடு, ஒரு தடாகத்தை வாரத்தில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கித்தரக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தி கேட்டால் சிரிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

தடாகத்தில் நீந்தத் தெரிந்தாலும் குளம் வேறு என்பதை மறக்கக் கூடாது. தடாகத்தில் அடித்தளம் தெரியும், குளத்தில் தெரியாது. வயலுக்குத் தண்ணீர் திறந்து மூடுவதால் குளத்தின் ஆழம் மாதத்துக்கு மாதம் மாறும். போன வருடம் இடுப்பளவு இருந்த இடத்தில் இந்த வருடம் ஆள் அமிழலாம். நீர்த்தேக்கங்களுக்குள் பழைய ஆற்றுப் பள்ளமும் மரக்கட்டைகளும் மறைந்திருக்கும். ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்:

ஊரவர் குளிக்காத இடத்தில் நீங்களும் இறங்காதீர்கள். முதலை பற்றிக் கேட்டுவிட்டே இறங்குங்கள். மக்ரிப் நேரத்தை நெருங்கியபின் வேண்டவே வேண்டாம்.

தலைகீழாகப் பாய யாரையும் விடாதீர்கள். மதகுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அங்கே நீர் இழுக்கும். நீர்த்தாவரம் அடர்ந்த இடத்தில் கால் சிக்கும்.

கித்துல்கல போன்ற ஆற்றிடங்களில் மேலே மழை பெய்தாலோ நீர்மின் நிலையத்தில் நீர் திறந்தாலோ மட்டம் சட்டென்று ஏறும். நீர் கலங்கி வந்தால் உடனே கரையேறுங்கள்.

படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏறாதீர்கள். கைக்குழந்தைக்கு அளவானது இல்லையென்றால் குழந்தையோடு நீங்களும் கரையில் நில்லுங்கள். அங்கியை அபாயாவுக்கு மேலே போட்டு வார்களை இறுக்குங்கள். அகன்ற அபாயா நீரில் காலைச் சுற்றும். ஒடுக்கமான நீள்சட்டையும் காற்சட்டையும் அணிந்து போவது நல்லது. படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முயலாமல் படகையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும் நேரம் ஒருவருக்கு ஒரே வேலை: பார்த்துக்கொண்டிருப்பது. சாப்பாடும் போனும் அவருக்கில்லை. அரை மணிக்கொரு தரம் ஆளை மாற்றுங்கள்.

யாராவது மூழ்கினால் தெரியாதவர் குதிக்க வேண்டாம். ஒரு ஜனாஸா இரண்டாகிவிடும். கம்பை நீட்டுங்கள், தென்னோலையை நீட்டுங்கள், துப்பட்டியை முறுக்கி எறியுங்கள். மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கலனும் மிதவைதான்.

கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அழுத்துவதும் நம்மவர் வழக்கம். செய்யாதீர்கள், நேரம் வீணாகும், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழலுக்குள் போகும். மூச்சிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சில்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தி 2 முறை ஊதுங்கள், இதையே தொடருங்கள். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அந்த அம்பியுலன்ஸ் இலவசம்.

வீடு திரும்பியபின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் உடல் வலியும் வந்தால், குளத்தில் இறங்கியதை டொக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்ப்பார்.

இவ்வளவையும் எழுதுவது உங்கள் பயணத்தைத் தடுக்க அல்ல. போங்கள், பிள்ளைகளுக்குத் தாமரையையும் கொக்கையும் காட்டுங்கள், படகில் ஏறும்போது பிஸ்மில்லாஹ் சொல்லப் பழக்குங்கள். ஆனால் இந்த விடுமுறைக்கு முன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடியுங்கள்: மகனுக்கு நீச்சல் என்றால் மகளுக்கும் நீச்சல்.

அன்று பிழைத்த அந்தப் பிள்ளை இப்போது நீந்துகிறாள். அவளோடு சேர்ந்து, நாற்பதைத் தாண்டிய அவளுடைய உம்மாவும் பழகினார். முதல் நாள் தடாகத்தின் கம்பியை விடாமல் அழுதவர், ஆறாம் வாரம் கம்பியை விட்டார். இனி ஒரு குளக்கரையில் அதே கேள்வியை யாராவது கேட்டால் எங்கள் குடும்பத்தில் கையைத் தூக்க இருவர் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் யார்?

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.