ஒட்டகத்தின் நிறமும் பிள்ளையின் இரத்தப் பரிசோதனையும்

மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கும், கழுத்து நிற்கத் தாமதித்து அடிக்கடி வலிப்புக் காணும் பிள்ளைக்கும் மரபணுப் பரிசோதனை செய்யுமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். பாம்பன் வட்டாரத்தில் நம் குடும்பங்கள் பல இதற்குத் தயங்குகின்றன. அல்லாஹ் தந்ததைச் சோதிப்பதா என்பது வெளியில் சொல்லும் காரணம். வீட்டுக்குள் பேசப்படுவது வேறு. குறை உம்மாவின் வழியில் வந்தது என்று மாமியார் வீடு சொல்லும். தங்கையின் நிக்காஹ் தடைப்படும்.

கிராமவாசி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுத்த நிறத்தில் பிள்ளை பெற்றிருப்பதாகச் சொன்னார். சொல்லில் சந்தேகம் தொனித்தது. நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை விசாரித்தார்கள். சிவப்பு என்றார். சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா என்றதற்கு, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, முன்னோரின் வம்ச இழுப்பாக இருக்கலாம் என்று அவரே விடை கூறினார். உம் பிள்ளையும் அவ்வாறே இருக்கலாம் என்றார்கள் நபியவர்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. பெண்ணொருத்தியின் மீது விழவிருந்த பழியை நீக்க, மரபையே அவர்கள் ஆதாரமாக்கினார்கள்.

இன்றைய பரிசோதனையும் பெரும்பாலும் அதையே செய்கிறது. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதால் வருவது. பரம்பரையாக வருவது மிக அரிது. வேறு பல நோய்களில் வாப்பா, உம்மா இருவருமே நலமாக இருந்துகொண்டு ஒரே மரபணுக் குறையைச் சுமந்திருப்பர். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். இதில் மருமகளை மட்டும் குற்றவாளியாக்க இடமேது?

இரத்த உறவில் மணம் முடிப்போரிடம் இத்தகைய நோய்கள் சற்றுக் கூடுதல். தமிழகப் பெண்களில் 28 சதவீதத்தினர் உறவிலேயே மணந்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆகவே இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. மாமன் மகளை மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளது, கடமையாக்கவில்லை. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் தலசீமியா, அரிவாள் செல் சோகைப் பரிசோதனைகள் கட்டாயம். முடிவு எதுவாயினும் மணம் முடிப்பது அவரவர் விருப்பம்.

எல்லாப் பிள்ளைக்கும் காரணம் கிடைத்துவிடாது. விரிவான சோதனையிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே தெளிவான விடை கிடைக்கிறது. கிடைத்தால், ஃபீனைல்கீட்டோனூரியா போன்றவற்றில் உணவுமுறையை உடனே மாற்றி மூளையைக் காக்கலாம். தாயத்துக்கும் நேர்ச்சைக்கும் ஏர்வாடிக்கும் அலைந்து கழியும் மாதங்கள் அந்த மூளைக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

தங்கையைப் பற்றிய அச்சத்தை நாம் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் குறையைச் சுமப்பது நோயன்று. கணவரும் அதே குறையைச் சுமந்தால்தான் மேற்சொன்ன நிலை எழும். மணம் பேசும் வீட்டாரிடம் அதை மறைக்கக் கூடாது. தெருவுக்குச் சொல்ல வேண்டியதுமில்லை. பரிசோதனைத் தாள் அமானிதம்.

செலவும் ஒரு தடைதான். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டினால், மாவட்ட மையத்துக்கு இலவசமாக அனுப்புவர். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்களுள் ஒன்று. சென்னைக்குச் செல்லும் பயணச் செலவையும், இலவசமாகக் கிடைக்காத சோதனைக்கான கட்டணத்தையும் ஏழைக் குடும்பங்களுக்கு நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் இந்த ரமளானிலிருந்தே ஏற்கலாம்.