ஓடத் தெரிந்த படை

கிள்ளானில் அப்பாவின் வீட்டை விற்றாயிற்று. சாவியைக் கொடுக்க ஒரு வாரம் இருந்தபோது ஸ்டோர் ரூமைக் காலி செய்யப் போனேன். பழைய மின்விசிறி, அம்மாவின் உரல், கட்டுக்கட்டாகத் தண்ணீர்க் கட்டண ரசீதுகள். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய மைலோ டின். குலுக்கிப் பார்த்தேன், சோழி குலுங்குவதுபோல் சத்தம் வந்தது. திறக்காமலேயே தெரிந்துவிட்டது.

உள்ளே நூறுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் வீரர்கள். பாதிப் பேர் குள்ளர்கள். தாடியின் ஒவ்வொரு இழையும் தெரியும்படி வண்ணம் பூசப்பட்டவர்கள். அது அண்ணனின் படை. மீதிப் பேர் கோப்ளின்கள், முக்காடு போட்ட பச்சை முகக் குட்டிப் பிசாசுகள். பத்துப் பேருக்கு மட்டும் தோசை மாவு ஊற்றியதுபோல் கனமாக வண்ணம். மற்றவர்கள் வெறும் சாம்பல் பிளாஸ்டிக், சிலருக்குக் கையே இல்லை. அது என் படை.

2006-இல் நான் படிவம் ஐந்து, அண்ணன் கல்லூரி. இருவரும் தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து ஒரு பெட்டி வாங்கினோம். 'வார்ஹேமர்' என்ற மேசைப் போர் விளையாட்டின் தொடக்கப் பெட்டி, பெயர் 'பேட்டில் ஃபார் ஸ்கல் பாஸ்'. அதில் குள்ளர்கள் ஒரு பக்கம், கோப்ளின்கள் மறு பக்கம். மூத்தவர் என்பதால் அண்ணன் முதலில் தேர்ந்தெடுத்தார். கோப்ளின்கள் என் தலையில் விழுந்தார்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்தில் 1983-இல் வெளிவந்த விளையாட்டு. ஆறடிக்கு நாலடி மேசை, அளவுநாடா, கைநிறையப் பகடை. சதுரங்கம்போல் கட்டம் கிடையாது. ஒவ்வோர் அணியும் இத்தனை அங்குலம் நகரலாம், அடி விழுந்ததா, காயமா, கவசம் காத்ததா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இருவரும் 1,000 புள்ளிக்கு விளையாடுவது என்று பேசிக்கொண்டால், அந்த வரம்புக்குள் படையை அவரவரே அமைக்க வேண்டும். விலைக்கு வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, பிறகுதான் ஆட்டம். அம்மா இதையெல்லாம் 'பொம்மை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஒரு வருடம் என்னுடைய டிரோல் அரக்கனை நவராத்திரி கொலுவின் கடைசிப் படியில் வைத்து, வந்தவர்களிடம் 'சிவபூதகணம்' என்று அறிமுகமும் செய்துவைத்தார்.

அண்ணனுக்கும் எனக்கும் அந்த வீட்டை விற்பதில் மனத்தாங்கல். விவரம் இங்கே வேண்டாம், உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். நான்கு ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் அம்மாவின் மருந்து, வீட்டு வரி தவிர வேறு பேச்சில்லை. அவர் ஜொகூர் பாருவில், நான் ஷா ஆலமில். டின்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது, குள்ளர்களைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அனுப்பவில்லை. முதலில் என் பாதியை முடிப்போம் என்று உட்கார்ந்தேன்.

பழைய வண்ணத்தை உரிக்க நான் பயன்படுத்தியது டெட்டால். காயத்துக்குப் போடுகிறோமே, அதே பழுப்புத் திரவம்தான். தண்ணீர் கலக்காமல் ஒரு ஜாடியில் ஊற்றி, பொம்மைகளை ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வண்ணம் கழன்று வரும். கழுவும்போதும் முதலில் டெட்டாலிலேயே அலசுங்கள். நேரே குழாயடியில் பிடித்தால் உரிந்த வண்ணம் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும், நான் அப்படித்தான் இரண்டு பேரைக் கெடுத்தேன். கையுறை கட்டாயம். வீடு முழுக்க இரண்டு நாள் மருத்துவமனை வாடை, மனைவி மாமியார் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றாள்.

அடுத்தது பிரைமர். வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் ஸ்பிரே. இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நம் தட்பவெப்பம் தெரியாதவர்கள். மழைக்கு முந்தைய மாலையில், காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது அடித்தால், பொம்மையின் மேல் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் நன்றாக ஏறியபின், கார் நிறுத்தும் இடத்தில் வைத்து மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். கோப்ளின்களுக்குக் கறுப்பு பிரைமர் போதும், முக்காடும் அங்கியும் அதிலேயே முடிந்துவிடும். முகத்துக்கும் கைக்கும் பச்சை, ஈட்டிக்கு உலோக நிறம், எல்லாவற்றின் மேலும் நீர்த்த கருமை ஒரு தடவை. பத்துப் பத்துப் பேராக எடுத்து, பத்துப் பேருக்கும் ஒரே நிறத்தை முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போகவேண்டும். ஒருவனை மட்டும் அழகாக முடித்துப் பார்க்கும் ஆசை வரும். அந்த ஆசையால்தான் 2006-இல் என் படை பத்துப் பேரோடு நின்றது.

செலவைக் கேட்பீர்கள். ஸ்பிரே, இரண்டு தூரிகை, ஏழு வண்ணப் புட்டி, யாரோ வேண்டாமென்று விற்ற இருபது ஓர்க் வீரர்கள், எல்லாம் சேர்த்து 280 ரிங்கிட். புதிதாக ஒரு முழுப்படை வாங்கினால் இதைப்போல் பல மடங்கு ஆகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடன் அட்டையைத் தேய்த்து மூன்று பெட்டி வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டியை முடிக்காமல் அடுத்ததை வாங்காதீர்கள். விளையாட்டு பிடிக்குமா என்று பார்க்க மட்டும்தான் ஆசை என்றால் 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்று அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறார்கள். அட்டையை வெட்டி வைத்துக்கூட ஆடிப் பார்க்கலாம்.

இனி படை அமைப்பு. எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான், பலர் தவறு செய்வதும் இங்கேதான்.

டின்னில் பழைய விதிநூலும் இருந்தது, அதே 2006 பதிப்பு. அதில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு மன உறுதி எண் உண்டு. சண்டையில் தோற்றாலோ, பக்கத்து அணி சிதறினாலோ, இரண்டு பகடை உருட்டி அந்த எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ வரவேண்டும். வராவிட்டால் ஓட்டம். குள்ளர்களுக்கு 9. இரண்டு பகடையில் வரக்கூடிய 36 வழிகளில் 30 அவர்களுக்குச் சாதகம். என் கோப்ளின்களுக்கு 5. முப்பத்தாறில் பத்து. அதாவது நான்கு முறை பயந்தால் ஏறக்குறைய மூன்று முறை ஓடுவார்கள். தோற்ற வித்தியாசத்தையும் அந்த எண்ணிலிருந்து கழிப்பார்கள் என்பதால் நிலைமை இன்னும் மோசம். போதாக்குறைக்கு 'உட்பூசல்' என்று ஒரு விதி. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பகடை. 1 விழுந்தால், பெரும்பாலும் அந்த அணி எதிரியை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு அந்தச் சுற்று முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த விதியைத் திரும்பப் படித்தபோது சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து சிரிப்பு நின்றுவிட்டது.

பதினேழு வயதில் நான் செய்த தவறு, ஓடாத படையை அமைக்கப் பார்த்தது. பெரிய டிரோல், பெரிய மந்திரவாதி என்று புள்ளிகளைக் கொட்டி, ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். இந்த முறை, இவர்கள் ஓடத்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்கினேன். ஓர் அணி சிதறினால், ஆறு அங்குலத்துக்குள் இருக்கும் நம் அணிகளும் பீதிச் சோதனை செய்ய வேண்டும். தளபதியிலிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருக்கும் அணியோ, தன் எண்ணுக்குப் பதிலாகத் தளபதியின் எண்ணைப் பயன்படுத்தலாம். அப்படியானால் அணிகள் ஒன்றுக்கொன்று ஏழு அங்குலமாவது தள்ளி, ஆனால் எல்லாம் தளபதியின் பன்னிரண்டுக்குள். இரவு சாப்பாட்டு மேசையில் தட்டுகளை நகர்த்தி நகர்த்தி இதை அளந்து பார்த்தேன்.

தளபதியாக ஓர் ஓர்க் தலைவனை நடுவில் வைத்தேன். அவனுடைய பதவியின் பெயரே 'பிக் பாஸ்'. தமிழ்த் தொலைக்காட்சிக்கு முன்பே வைத்த பெயர், கமல் மீது பழி வேண்டாம். அவனுடைய எண் 8. பத்து வழி இருபத்தாறு ஆகிறது. அவனைச் சுற்றி இருபது ஓர்க்குகள், கோப்ளின்கள் ஓடினால் இவர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். இரு பக்கமும் இருபத்தைந்து ஈட்டிக் கோப்ளின்கள், ஐந்துக்கு ஐந்தாக. ஏன் இருபத்தைந்து? முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு முழு வரிசைக்கும் ஒரு புள்ளி, அதிகபட்சம் மூன்று. கொடிக்கு ஒன்று, எதிரியைவிட எண்ணிக்கையில் மிகுந்திருந்தால் ஒன்று. ஒருவனைக்கூடக் கொல்லாமலேயே ஐந்து புள்ளி. முதல் அடியில் ஐந்து பேர் செத்தாலும் அந்த ஐந்து குறைவதில்லை. பயந்தாங்கொள்ளிகளின் பலம் கூட்டம்தான். ஒரு குள்ளனின் விலைக்கு இரண்டு கோப்ளின்களாவது கிடைப்பார்கள்.

வண்ணம் பூசி முடித்த முதல் இருபத்தைந்து பேரையும் வரிசையாக நிறுத்திப் படமெடுத்தேன். இரவு பதினொன்றரைக்கு, வீட்டு வரி ரசீதுக்குக் கீழே, அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறி. பதில் இல்லை. மறுநாள் மதியம் வந்தது: "பேஸ் ஓரத்துக்கு கலர் அடிக்கல நீ." சரிதான், அடிக்கவில்லை. அன்றிரவே அடித்து மறுபடி அனுப்பினேன். "என் பீரங்கி இருக்கா?" என்று கேட்டார்.

பள்ளி விடுமுறையில் டின்னோடு ஜொகூர் பாருவுக்குப் போனேன். அண்ணி சாப்பாட்டு மேசையை ஒழித்துக் கொடுத்தார். மேசை சிறியது, பக்கத்தில் துணி மடிக்கும் மேசையையும் சேர்த்துப் போட்டோம். வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு மணி நேரம் கோப்ளின் முகத்தின் பச்சையைப் பற்றித்தான் பேச்சு.

அந்தப் பதிப்பில் பீரங்கி சுடுமுன் அளந்து பார்க்கக்கூடாது. தூரத்தைக் கண்ணாலேயே கணித்துச் சொல்லவேண்டும். 2010-இல் வந்த அடுத்த பதிப்பில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், எனக்கு அது நஷ்டம் என்றே படுகிறது. அண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, "இருபத்திரண்டு" என்றார். பதினேழு வயதில் நான் பார்த்த அதே குனிவு. இப்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் நிமிர்ந்தார். அவருக்கு நாற்பது தாண்டியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குண்டு என் சிலந்திப் படையின் நடுவே புகுந்து போனது.

முதல் சுற்றிலேயே இடப்பக்க ஈட்டி அணிக்கு உட்பூசல். நின்றுவிட்டார்கள். வலப்பக்கம் குள்ளர்கள் எட்டு அங்குலத்துக்குள் வந்ததும், அணிக்குள் ஒளித்துவைத்திருந்த மூன்று வெறியர்களை அவிழ்த்துவிட்டேன். சங்கிலியில் இரும்புக் குண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடும் பைத்தியங்கள். ஒருவன் குள்ளர் துப்பாக்கி வரிசையை உழுதான். ஒருவன் பாதியிலேயே நின்றான். மூன்றாமவன் அடுத்த சுற்றில் திரும்பி வந்து என் வில்லாளிகளுக்குள்ளேயே புகுந்தான். அண்ணன் சிரித்தார். நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். வலப்பக்க ஈட்டி அணி தோற்றது, சோதனையிலும் தோற்றது, ஓடியது. 2006-இல் என்றால் அத்தோடு மொத்தப் படையும் கலைந்திருக்கும். இந்த முறை பக்கத்து அணி ஏழு அங்குலம் தள்ளி நின்றது, பீதி தொற்றவில்லை. குள்ளர்கள் துரத்தினார்கள், எட்டவில்லை. அடுத்த சுற்றில் பிக் பாஸின் எட்டைக் கடன் வாங்கிப் பகடை போட்டேன். 7 விழுந்தது. ஓடியவர்கள் நின்று, திரும்பி, மீண்டும் வரிசை கட்டினார்கள். "பரவாயில்லடா," என்றார் அண்ணன், மேசையைப் பார்த்தபடியே.

கடைசியில் தோற்றேன், புள்ளிக் கணக்கில் நல்ல வித்தியாசம். பீரங்கியை நான் நெருங்கவே முடியவில்லை. இந்த விளையாட்டின் பழைய உலகத்தை நிறுவனம் 2015-இல் மூடியதும், 2024-இல் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்ததும் அண்ணனுக்குத் தெரிந்தே இருந்தது. சதுர பேஸ்தான், நம் பழைய பொம்மைகளே போதும் என்றார். புது விதிநூலை வாங்கி வைத்திருந்தார், ஒருவர்கூட ஆட ஆளில்லாமல்.

கிளம்பும்போது குள்ளர்களைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்தேன். "அண்ணே, இது உங்களோடது." அவர் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தார். திரும்ப மைலோ டின்னிலேயே கொட்டி மூடினார்.

"நீயே கொண்டு போ. அடுத்த ஆட்டம் உன் வீட்டுல. அம்மா பார்த்த மாதிரியும் இருக்கும். பீரங்கிய மட்டும் தனியா பஞ்சுல சுத்தி வை, சக்கரம் லூசா இருக்கு."