கள்ளுக்குத் தடை, ஸ்ட்ராங் பீருக்கு கியூ: பெல்ஜியம் பண்ணை பீரும் கொங்கு தோப்பும்

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் வாரச் சம்பளம் கைக்கு வரும். அன்னைக்கு டாஸ்மாக் கவுன்ட்டரில் அதிகம் கேட்கிற கேள்வி, "ஸ்ட்ராங் இருக்கா?" ருசி எப்படி, மணம் எப்படின்னு கேட்டா பின்னாடி நிக்கிறவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். இத்தனைக்கும் இது துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்ற ஊர். ஜிஎஸ்எம் சரியா இருக்குன்னு மட்டும் வெச்சு எந்த பையரும் ஆர்டரை ஓகே பண்ண மாட்டார். ஷேடு, சுருக்கம், கைக்கு எப்படி இருக்கு, எல்லாம் பார்ப்பார். பீர்னு வந்தா மட்டும் லேபிளில் இருக்கும் சதவிகிதத்தோட நம்ம செக்கிங் முடிஞ்சிடுது.

பெல்ஜியத்தின் தென்பகுதியான வலோனியாவில் 'சேஸோன்' என்று ஒரு பண்ணை பீர் உண்டு. பிரெஞ்சில் 'பருவம்' என்று அர்த்தம். குளிர் மாதங்களில் காய்ச்சி வைத்து, கோடையில் வயல் வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுத்தார்கள். வேலைக்கு நடுவே குடிக்க வேண்டியது என்பதால் அப்போது அது லேசான பானம்தான். பிறகுதான் ஏறியது. இன்று உலகம் அளவுகோலாக வைத்திருக்கும் டூபோன் ப்ரூவரியின் சேஸோன் 6.5 சதவிகிதம். அதே ப்ரூவரி 1970-ல் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்கத் தொடங்கிய பீர் 9.5 சதவிகிதம். நம்ம ஊர் ஸ்ட்ராங் பெரும்பாலும் 8-க்குள். அதாவது நம்ம ஸ்ட்ராங்கைவிட அது ஸ்ட்ராங்!

ஆனா, அதை மதிப்பிடறவங்க 'கிக்'கில் ஆரம்பிக்கறதில்லை. முதலில் கண்: வெளிர் ஆரஞ்சு நிறம், லேசான கலங்கல், சீக்கிரம் அடங்காத வெள்ளை நுரை. அடுத்து மூக்கு: ஆரஞ்சுத் தோல், மிளகு, கொஞ்சம் கிராம்பு. இத்தனைக்கும் பல சேஸோன்களில் மிளகே போடுவதில்லை. ஈஸ்ட் உருவாக்கும் மணம் அது. பிறகு நாக்கு: சுருக்கென்ற நுரைப்பு, அளவான கசப்பு, விழுங்கியதும் இனிப்பு மிச்சமில்லாத வறண்ட முடிவு. கடைசியில்தான் ஆல்கஹால். நல்ல ஸ்ட்ராங் சேஸோனில் அது நெஞ்சில் இளஞ்சூடாக மட்டும் தெரியணும். தொண்டை எரிஞ்சாலோ, நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்தாலோ மார்க் குறையும். ஐஸ் மாதிரி குளிரவும் வைக்கக் கூடாது, நாக்கு மரத்துடும். (நம்ம ஊரில் 'நல்லா ஜில்லுன்னு' கேட்கறதுக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.) 750 மில்லி பாட்டிலை நாலு பேர் பகிர்வதுதான் சரி. ஒருத்தரே முடிச்சா அது நம்ம ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றையும் தாண்டின அளவு.

இதில் ஒரு சுவாரஸ்யம். லாகர் ஈஸ்ட்டுக்குச் சுமார் 10 டிகிரி குளிர் வேணும். சேஸோன் ஈஸ்ட்டோ 30 டிகிரிக்கு மேலயும் ஜாலியா வேலை செய்யும். நம்ம கொங்கு வெயில் அதுக்கு ஏசி ரூம் மாதிரி!

வெயில், விவசாயக் கூலி, ஈஸ்ட் நடத்தும் நொதித்தல்... எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? உடுமலை, பல்லடம் தென்னந்தோப்புகளுக்கும் இப்படி ஒரு பானம் உண்டு. கள். காலையில் இறக்கும்போது இனிப்பு, மதியம் நுரைப்பு, சாயங்காலம் புளிப்பு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். 2017-ல் நீராவுக்கு மட்டும் விதிகள் வந்தன. ஒரே பாளைதான்: புளிக்காமல் தடுத்து இறக்கினால் நீரா, லைசென்ஸோடு விற்கலாம். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் கள், வழக்கு.

கொங்கு தென்னை விவசாயிகளுக்கு இது உணர்ச்சி விஷயம் மட்டுமில்லை. வெள்ளை ஈ, வேர் வாடல்னு அடி மேல அடி. ஒரு மரத்திலிருந்து இன்னொரு வருமானம் வேணும் என்பதே அவங்க கேள்வி. கள் இயக்கத்தின் சி.நல்லசாமி, கள் போதைப்பொருள்னு நிரூபிச்சா 10 கோடி ரூபாய் தர்றதா பல வருஷமா சவால் விடுறார். 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனை ஏறியே கள் இறக்கினார்.

எதிர்த்தரப்பு வாதத்தை லேசா தள்ளிட முடியாது. கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்த வரலாறு தென்னிந்தியாவில் உண்டு, அதை ருசியை வெச்சு மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. லேப் வேணும். அப்புறம், கள் உணவுன்னு சொல்றதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதில் ஆல்கஹால் இருக்கு, குறைவா இருந்தாலும். ஆனா, 8 சதவிகித பீரையும் 42.8 சதவிகித பிராந்தியையும் அரசே விற்கிற மாநிலத்தில், அதைவிட லேசான ஒண்ணை 'போதை' என்ற காரணத்துக்காக மட்டும் தடுக்கிறது கணக்குக்கு இடிக்குது. கலப்படம்தான் காரணம்னா அதைச் சொல்லுங்க, சோதனைக்கு விதி போடுங்க.

அதுவரைக்கும் இதுதான் நிலவரம்: 23 வயசு தாண்டின நீங்க பெங்களூரு ப்ரூபப்களில் அவ்வப்போது வரும் சேஸோனை ருசிச்சு மார்க் போடலாம், பாலக்காடு போய் ஷாப்பில் கள் குடிச்சும் பார்க்கலாம். உடுமலை தோப்புக்காரர் தன் மரத்துக் கள்ளுக்கு மார்க் கேட்டா, முதலில் வர்றது போலீஸா இருக்கும்.