மழை எச்சரிக்கையும் நெல்லின் ஈரப்பத வரம்பும்: சங்கத்தின் நிலைப்பாடு

2025 குறுவைக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பத வரம்பை 17 விழுக்காட்டிலிருந்து 22 ஆக உயர்த்தக் கோரிய தமிழ்நாடு அரசின் வேண்டுகோளை, ஆய்வுக் குழுக்கள் டெல்டாவுக்கு வந்து சென்ற பின்னரும் ஒன்றிய அரசு நவம்பரில் நிராகரித்ததையும், அம்மாத இறுதியிலேயே ‘டிட்வா’ புயல் மழையில் சம்பா, தாளடி வயல்கள் மூழ்கியதையும் உறுப்பினர்கள் அறிவர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கியே சங்கம் இந்நிலைப்பாட்டை வெளியிடுகிறது.

எச்சரிக்கை வருவதில்லை என்பது சங்கத்தின் குற்றச்சாட்டு அன்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலின்போது, முன்னறிவிப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 12 முதல் 20 செ.மீ. மழை எதிர்பார்க்கப்பட்டால் ஆரஞ்சு எச்சரிக்கை, அதற்கு மேல் சிவப்பு என்பது, விடுமுறைக்காகவேனும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எச்சரிக்கையோடு வரும் வேளாண் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றே: முற்றிய கதிரை உடனே அறுத்துப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும். அதன்படி மேகமூட்டத்தில் அறுத்த நெல்லின் ஈரப்பதம், அதாவது மணியின் எடையில் நீருக்குள்ள பங்கு, பல வேளைகளில் 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதமானி 17க்கு மேல் காட்டினால் நெல் திருப்பப்படுகிறது. களம் இல்லாதவர் அதைச் சாலையில் விரித்து, தூறல் விழுந்ததும் குவித்துத் தார்ப்பாயால் மூடி, வெயில் முகம் காட்டினால் மீண்டும் விரிக்கிறார். சில நாட்களில் குவியலின் அடியில் சூடேறி, வெள்ளை முளை எட்டிப் பார்க்கிறது. அறுக்காமல் விட்டவரின் கதிரோ வயலிலேயே சாய்ந்து முளைக்கிறது. கேட்டவருக்கும் நட்டம், கேளாதவருக்கும் நட்டம் என்றால் அந்த எச்சரிக்கை யாருக்காக விடுக்கப்படுகிறது?

ஈர நெல் கிடங்கில் கெடும் என்ற அச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என்று சங்கம் கருதவில்லை. எனினும், அதற்கு வழி போதிய உலர்த்தும் இயந்திரங்களை நிறுவுவதே ஆகும். இதில் மாநில அரசின் பொறுப்பும் குறைந்ததன்று. வாங்கிய மூட்டைகளையே லாரி வராமல் திறந்தவெளியில் நனையவிட்டுக்கொண்டு, வாங்காத நெல்லின் ஈரத்தை அளந்து திருப்புவதற்கு நிர்வாகம் என்று பெயரிட முடியாது.

ஆகவே, கொள்முதல் காலத்தில் ஒரு மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்படும் நாளிலேயே, குழுவுக்கும் ஆய்வுக்கும் காத்திராமல், அங்கு ஈரப்பதத் தளர்வு தானாக நடைமுறைக்கு வர வேண்டும். அளவு 22 விழுக்காடாக இருக்கலாம் என்பது செயற்குழுப் பெரும்பான்மையினரின் கருத்து. தளர்வு எத்தனை நாள் நீடிக்க வேண்டும் என்பது உரிய கலந்தாய்வுக்குப் பின் தெரிவிக்கப்படும்.

நாடெங்கும் 199 மாவட்டங்களில் இயங்கிய வேளாண் வானிலைப் பிரிவுகள் 2024இல் மூடப்பட்டது வருந்தத்தக்கது. அவை மீண்டும் திறக்கப்பட வேண்டும். 2018இல் நீக்கப்பட்ட நெல் வயல் மூழ்கல் 2026 காரிஃப் முதல் மீண்டும் பயிர்க் காப்பீட்டில் இடம்பெறும் என்ற அறிவிப்பு வரவேற்கத்தக்கது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை உறுப்பினர்கள் மறவாதிருக்க வேண்டும். வடிகால் தூர்வாரும் பணி பருவமழைக்கு முன்னரே முடிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் தொடர்கிறது.

திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு குவியலுக்கும் ஈரப்பதமானி காட்டிய அளவையும் தேதியையும் எழுத்தில் கேட்டுப் பெற்று, அன்று நடப்பிலிருந்த எச்சரிக்கையின் நிறத்தையும் குறித்துச் சங்கத்திடம் ஒப்படைக்குமாறு உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.