பத்தாம் எண் சட்டைக்கு எத்தனை கிலோ?

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு தமிழ்ப் பையன் ரக்பி ஆடப் போகிறேன் என்றால், வீட்டில் வரும் முதல் பதில் "உன் உடம்புக்கு அதெல்லாம் சரிப்படாதுடா" என்பதுதான். அதையும் மீறித் திடலுக்குப் போனால் ஓரத்தில் விங்காக நிறுத்திவிடுவார்கள். பத்தாம் எண் சட்டை, அதாவது ஃபிளை ஹாஃப் இடம், நெட்டையாய்த் தோள் அகன்ற பையனுக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால் காரணங்களும் தயாராக இருக்கும்.

முதல் காரணம் உயரம். டெஸ்ட் ரக்பியில் 1598 புள்ளி குவித்த நியூசிலாந்தின் டேன் கார்ட்டர் சுமார் 178 செ.மீ. இங்கிலாந்தின் ஜானி வில்கின்சனும் ஏறத்தாழ அதே உயரம். மணிலாவில் பிலிப்பினோ தாய்க்குப் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூரில் வளர்ந்து, இன்று இங்கிலாந்துக்கு ஆடும் மார்கஸ் ஸ்மித் இன்னும் குறைவு, சுமார் 175. 2015 உலகக் கோப்பையில் ஜப்பான் 34-32 என்று தென்னாப்பிரிக்காவைக் கவிழ்த்த நாளில் பத்தாம் எண்ணில் நின்றவர் கோசெய் ஓனோ. அவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தால் ரக்பிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதற்கு உடனே வரும் பதில் ஹாண்ட்ரே பொல்லார்ட். 189 செ.மீ. உயரம், இரண்டு உலகக் கோப்பை. உண்மைதான். ஆனால் 2023 உலகக் கோப்பையின் பாதியில் அவரைத் தென்னாப்பிரிக்கா அழைத்தது எதற்காக? அணியின் கோல் உதைகள் தவறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், தொலைவிலிருந்து அவர் அடித்த பெனால்ட்டிதான் 16-15 என்று முடித்தது. இறுதி ஆட்டத்தில் அணியின் 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்தே வந்தன. அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது உதையின் துல்லியம்.

அடுத்து வேகம். 1998 காமன்வெல்த் போட்டியில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆட்டங்கள் நம்முடைய பெட்டாலிங் ஜெயா அரங்கில்தான் நடந்தன. மலைபோன்ற ஜோனா லோமு ஆடிய நியூசிலாந்துக்குத் தங்கம், வைசாலே செரெவி தலைமையில் வந்த ஃபிஜிக்கு வெள்ளி. பெரிய உடம்பு வென்றது என்று அன்று பேசியவர்கள் இருக்கலாம். அதே செரெவி, சுமார் 170 செ.மீ. ஆள், 1997-இலும் 2005-இலும் செவன்ஸ் உலகக் கோப்பை வென்ற அணிகளில் ஆடியவர். இரண்டாவது முறை அவருக்கு வயது 36. அந்த வயதில் இளைஞர்களை ஓடியா வென்றிருப்பார்? நிற்பார், எதிராளி எடையை ஒரு காலுக்கு மாற்றும்வரை காத்திருப்பார், அப்புறம் மறுபக்கம் பந்து போயிருக்கும். ஃபிளை ஹாஃபின் தொழிலே அதுதான். ஸ்க்ரம் ஹாஃபிடமிருந்து பந்து கைக்கு வரும் முன்பே எதிர் வரிசையில் இடைவெளி எங்கே, பின்னால் யார் தவறான இடத்தில் நிற்கிறார் என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். பந்து வந்த பிறகு யோசிப்பவன் எத்தனை வேகமாக ஓடினாலும் தாமதம்தான்.

உதைக்குப் பெருந்தொடை வேண்டும் என்பதும் பாதிதான் சரி. இப்போதைய 50:22 விதியைப் பாருங்கள். சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் பக்கவாட்டில் வெளியேறினால், லைன்அவுட் எறியும் உரிமை உதைத்த அணிக்கே. அங்கே பலத்தை விட இடம் பார்த்து விடும் பதம்தான் பேசும். இடது காலால் உதைப்பவரான வில்கின்சன் 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கடைசி நிமிடத்தில், வலது காலால் டிராப் கோல் அடித்து இங்கிலாந்தை வெல்ல வைத்தார். இரண்டு காலும் பழகியிருந்ததன் பலன்.

இருப்பதிலேயே கனமான வாதம் மோதல். பெரிய ஆள்கள் சிறிய பத்தாம் எண்ணைத் தேடி வந்து மோதுவார்கள் என்பது பொய்யில்லை. தோளைக் கொடுத்துத் தடுத்தே ஆடிய வில்கின்சன் கழுத்துக் காயத்தோடும் தோள் காயத்தோடும் நெடுநாள் வெளியே இருந்தார். ஆகவே பையனைப் பயிற்சியில்லாமல் இறக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தலையை எங்கே வைப்பது, இடுப்புக்குக் கீழே எப்படிக் கட்டிப் பிடிப்பது என்பதை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஃபிளாங்கரை நிறுத்தலாம். பல அணிகள் அப்படித்தான் செய்கின்றன. 1995 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லோமுவைத் தென்னாப்பிரிக்கா கூட்டாகத்தான் மறித்தது, அவரால் ஒரு டிரைகூட அடிக்க முடியவில்லை. 15-12 என்ற அந்த வெற்றியில் தென்னாப்பிரிக்காவின் எல்லாப் புள்ளிகளும் அவர்களுடைய ஃபிளை ஹாஃப் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கியின் காலிலிருந்து வந்தவை.

இத்தனைக்கும் அணிக்குப் பத்துப் பேர் ஆடும் டென்ஸ் ரக்பி பிறந்ததே மலேசியாவில், 1960களில். பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா கிளப் அதை வளர்த்தது. முழுத் திடலில் பத்துப் பத்துப் பேர் என்றால் இடைவெளிக்குப் பஞ்சமில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவனைக் கண்டுபிடிக்க எடைத் தராசு எதற்கு? சாயங்கால மழை விட்டதும், ஊறிய பந்தைக் கொடுத்து இருபுறமும் பத்துப் பத்து பாஸ் விடச் சொல்லுங்கள். எதிரே மூன்று பேரை நிறுத்தி, பந்து கைக்கு வரும் கணத்தில் ஒருவரை மட்டும் இடம் மாற்றுங்கள். அதைக் கவனித்துப் பந்தை விடுபவனுக்குப் பத்தாம் எண்ணைக் கொடுத்துவிட்டு, தோள் வலுவுக்கான ஜிம் பயிற்சியை மறுவாரம் ஆரம்பிக்கலாம்.